'சமாளிக்கிறன்' என்று சொல்லி இழந்த புள்ளிகள்

எனக்கு எட்டு வருடமாக முடக்குவாதம். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழும்பினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கை மடங்காது. கிழமைக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் குளிசை. லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களில் பலர் எடுக்கிற 'பிப்' (PIP) காசுக்கு, அதாவது நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக் காசுக்கு, நானும் 2023 பெப்ரவரியில் விண்ணப்பித்தேன். அது வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற காசு இல்லை. வருத்தத்தின் பெயரையும் பெரிதாகப் பார்ப்பதில்லை. சமைக்க, குளிக்க, உடுக்க, நடக்க என்று 12 விடயங்களில் ஒருவருக்கு என்ன ஏலாது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

ஜூலையில் கடிதம் வந்தது. அன்றாட வாழ்க்கைக்கு 5 புள்ளி, நடமாட்டத்துக்கு 4. எந்தப் பகுதியில் 8 எடுக்கிறோமோ அந்தப் பகுதிக்குத்தான் காசு. ஆக, ஒன்றும் இல்லை.

மகன் அந்தக் காசைக் கொடுக்கிற அரச திணைக்களத்துக்குப் போன் அடித்து, மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு எடுத்தான். (கேட்டால் தருவார்கள். கேட்காமல் விடாதீர்கள்.) வாசிக்க வாசிக்க எனக்கு முகம் சுட்டது. பொய் என்று சொல்லக்கூடிய இடம் குறைவு. முக்கால்வாசியும் நான் சொன்னதுதான். மதிப்பீடு போனில் நடந்தது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சமையல் எப்படி என்று கேட்டபோது "சமாளிக்கிறன்" என்றேன். உடுப்பு? "ஏதோ சமாளிக்கிறன்." அது ஆங்கிலத்தில் "சமைக்கிறார், தானாக உடுக்கிறார்" என்று ஏறியிருந்தது. "கை உளையுது" என்று நாலைந்து தரம் சொன்னேன். எங்கள் பேச்சில் உளைவு என்றால் உள்ளுக்குள் கிடந்து நோகிறது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனுசன், ஆனால் அந்தச் சொல் அவருக்குப் பிடிபடவில்லை. அறிக்கையில் கை 'களைத்துப் போகிறது' என்று இருந்தது. 50 நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு பேசினார் என்றும் ஒரு வரி. போன் மேசையில் ஸ்பீக்கரில் கிடந்தது! கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறார் என்று இன்னொன்று. மகன் வாசலில் இறக்கிவிட, நான் கதிரையில் இருந்துவிட்டு வருகிறேன். கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிட்டு எத்தனை வருடம் என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

முதலில் கட்டாய மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதாவது திணைக்களமே தன் முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி, ஒரு மாதத்துக்குள். அதைத் தாண்டாமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. கேட்டோம். ஒக்டோபரில் பதில்: மாற்றம் இல்லை. அதே வசனங்களைத் திருப்பி அடித்திருந்தார்கள். அந்தக் கடிதத் திகதியிலிருந்து இன்னொரு மாதம்தான் மேன்முறையீட்டுக்கு. கட்டணம் ஒன்றும் இல்லை. படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டு, எந்த மொழி, எந்த வட்டார வழக்கு என்றும் கேட்டிருந்தது. அந்தப் பெட்டியில் 'இலங்கைத் தமிழ்' என்று எழுதினேன். மகன் தானே மொழிபெயர்க்கிறேன் என்றான். வீட்டாரை அதற்கு விடமாட்டார்கள், பக்கத்தில் இருக்கலாம்.

இலவச ஆலோசனை நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, என் மகளின் வயது இருக்கும், கோப்பைப் பார்த்தாள். தீர்ப்பாயம் நீங்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்காது, ஜூலையில் முடிவெடுத்த அன்று எப்படி இருந்தீர்கள் என்றுதான் பார்க்கும் என்றாள். ஏற்கெனவே கிடைக்கிற காசை அவர்கள் குறைக்கவும் கூடும் என்றும் சொன்னாள். எனக்கு அந்தப் பயம் இல்லை, கையில் இருந்ததே சைபர். நான் பிட்டும் நாலு கறியும் வைக்க ஏலாது என்று தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினாள். அவர்கள் கேட்பது ஒரு ஆளுக்கு ஒரு சாதாரணச் சாப்பாடு, பச்சை மரக்கறியிலிருந்து, அடுப்பில். அதைச் செய்யும்போது என்ன நடக்கிறது? பாதுகாப்பாகவா? ஓரளவுக்கு உருப்படியாகவா? அன்றைக்கே திரும்பவும் செய்ய முடியுமா? மற்றவர்கள் எடுக்கிற நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் முடிகிறதா? இந்த நாலில் ஒன்றுக்கு ஏலாதென்றாலும் அந்த வேலையை உங்களால் செய்ய ஏலாது என்றுதான் கணக்கு. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அப்படி இருக்கவேண்டும்.

இரண்டு கிழமை நாட்குறிப்பு எழுதினோம். நான் சொல்ல மகன் எழுதினான். குடும்ப வைத்தியரின் கடிதம் வருத்தத்தின் பெயரை மட்டும் சொன்னது, அவ்வளவு உதவவில்லை. உதவியது இவர், என் வீட்டுக்காரர், எழுதிய அரைப் பக்கம். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகமுன் இவர்தான் வெங்காயமும் மரக்கறியும் வெட்டி வைப்பார். என்னை எழுப்பி, பின்பக்கக் கொக்கி போட்டு, சட்டையைத் தலையால் இறக்கிவிடுவார். "இதையெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுக்கிறதோ?" என்று இரண்டு நாள் பேனையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் குசினி மேசையில் எழுதிய தாள் கிடந்தது. நான் வாசிக்கும்வரை மனுசன் வீட்டுக்குள் வரவில்லை.

ஜனவரியில் திணைக்களத்தின் பதில் கட்டு வந்தது, 140 பக்கம். எங்கள் பதில்களுக்கு எதிரே பக்க எண்களைக் குறித்து மஞ்சள் ஒட்டுகள் ஒட்டினோம். பிறகு ஜூன் வரைக்கும் காத்திருப்பு.

தீர்ப்பாயம் என்றதும் கூண்டும் கறுப்பு அங்கியும்தான் மனதில் இருந்தது. ஒரு சாதாரண அறை, ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர்: நீதிபதி, ஒரு டொக்டர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒரு பெண். திணைக்களத்தின் சார்பில் ஒருவரும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டக்களப்பு அம்மா. முதல் வணக்கத்திலேயே எனக்குப் பாதி நடுக்கம் போய்விட்டது.

டொக்டர்தான் அதிகம் கேட்டார். உருளைக்கிழங்கை எப்படித் தோலுரிப்பீர்கள், தண்ணீர் உள்ள சட்டியை அடுப்பிலிருந்து எப்படி இறக்குவீர்கள். வாய் பழக்கத்தில் "சமாளி..." என்று தொடங்கிவிட்டேன். மகன் மேசைக்குக் கீழே காலைத் தட்டினான். அந்த அம்மா எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சமாளிப்பது என்றால் என்ன செய்வீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள்" என்றார். இரண்டு முழங்கைக்கும் நடுவில் சட்டியை அணைத்துப் பிடிக்கிறதைக் காட்டினேன். போன வருடம் அப்படித்தான் வயிற்றில் சுடுதண்ணி ஊற்றுப்பட்டது என்றும் சொன்னேன். அதை அதுவரை நான் எந்தப் படிவத்திலும் எழுதியிருக்கவில்லை. ஏனென்று கேட்டால், என் கவலையீனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நடையைப் பற்றிக் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். நூறு மீற்றர் மெதுவாக நடப்பேன்.

வெளியே இருக்கச் சொல்லி இருபது நிமிடத்தில் கூப்பிட்டார்கள். சமையல் 4, குளிப்பு 2, உடுப்பு 4, மருந்து 1. மொத்தம் 11. நடமாட்டம் பழையபடி 4, அதற்குக் காசு இல்லை. இன்னும் ஒரு புள்ளி இருந்திருந்தால் கூடின தொகை என்று மகன் பஸ்சில் முணுமுணுத்தான். இந்தத் தீர்ப்புக்கு எதிராக மேலே முறையிட வேண்டுமென்றால் அதில் சட்டப் பிழை காட்டவேண்டும், எனக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை. உடுப்புக்கு வந்த 4 இவருடைய அரைப் பக்கத்தால் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "ம்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

கிழமைக்கு 72 பவுண் 65 பென்ஸ், 2024இன் கணக்கில். விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து, பழைய பாக்கியாக 5,000 பவுணுக்குக் கிட்ட ஜூலையில் வங்கிக்கு வந்தது. நிரந்தரம் இல்லை, என் நிலைமையைத் திரும்பப் பார்க்கிற படிவம் பிறகு வரும். அந்த 140 பக்கக் கட்டு அலுமாரிக்கு மேலே மஞ்சள் ஒட்டுகளோடு அப்படியே இருக்கிறது. சுடுதண்ணி பட்ட திகதியை முன்பக்கத்தில் மகனைக் கொண்டு எழுதுவித்து வைத்திருக்கிறேன்.