வால்மயிரில் இருந்த சேதி

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் தெற்கே, வாக்யூ என்ற ஜப்பானிய இறைச்சி மாட்டினம் வளர்க்கும் ஒரு பண்ணையில் ஆறு வருடம் இனப்பெருக்கப் பதிவேடு பார்த்தேன். மாட்டைத் தொட்ட நேரத்தைவிட எக்செல் திரையை முறைத்த நேரம்தான் அதிகம். ஊரில் அப்பா மாடு பிடிக்கப் போனால் முதலில் சுழி பார்ப்பார், அப்புறம் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இங்கே நான் பார்த்தது ஈபிவி.

ஒரு பொலிகாளை தன் கன்றுகளுக்கு எதைக் கொடுக்கும் என்ற கணிப்புதான் ஈபிவி. காளைக்குச் சடல எடை, அதாவது வெட்டிய பிறகு உள்ள எடை, +40 என்று போட்டிருந்தால் கன்றுக்கு வருவது அதில் பாதி, சராசரியாக 20 கிலோ. மீதியைத் தாய்தான் தரவேண்டும். பக்கத்திலேயே துல்லியம் என்று ஒரு சதவீதம் இருக்கும், அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது அது. கன்றே போடாத இளங்காளைக்கு அது குறைவு. விற்பனைப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் முதல் எண்ணைப் படித்துவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எண்ணுக்கு உயிர் கொடுப்பது தொழுவத்தில் எடுக்கும் அளவு. ஒரு ஈற்றுப் பருவத்தில் வந்த தாளில் வரிசையாகப் பதினேழு கன்றுகளுக்கு 32 கிலோ, 32 கிலோ என்று இருந்தது. மழையில் தராசைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசில்லை. அத்தனையையும் அழித்தேன். பொய் எடையைவிட வெற்றுக் கட்டம் மேல்.

வாக்யூவில் இன்னொரு சிக்கல், எல்லாம் பங்காளிகள். 1939-இல் ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் பிறந்த தாஜிரி என்ற ஒரே காளையின் இரத்தம், இன்று அங்குள்ள கறுப்பு வாக்யூ பசுக்களில் 99.9 சதவீதத்தில் ஓடுகிறது. ஜப்பானை விட்டு உயிரோடு வெளியே வந்த மாடுகளோ மொத்தமே சுமார் 200தான். 1976-இல் அமெரிக்காவுக்கு 4 காளைகள், மற்றவை 1990களில். ஆஸ்திரேலிய மந்தைகளின் வேரும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. மிச்சிஃபுகு, ஹருகி என்று அதே சில பெயர்கள் ஒவ்வொரு வம்சாவளித் தாளிலும் திரும்பத் திரும்ப வரும்.

என் மூன்றாவது வருடம். மார்பிளிங், அதாவது இறைச்சிக்குள் கோடுகோடாக ஓடும் கொழுப்பு, அந்த வரிசையில் மேலே இருந்த ஒரு காளையின் விந்தை வாங்கி நாற்பது பசுக்களுக்குப் போடச் சொன்னேன். எங்கள் மாடு மேய்ப்பர் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பட்டியலைப் புரட்டிவிட்டு, "நம்பர் நல்லாத்தான் இருக்கு மேட். மத்த பக்கத்தையும் பார்த்தியா?" என்றார். பார்த்தாச்சு என்றேன். பார்க்கவில்லை.

அந்த மற்ற பக்கத்தில் பரம்பரைக் குறைபாடுகளின் சோதனை முடிவுகள் இருந்தன. பேண்ட் 3 என்ற குறையை அந்தக் காளை சுமந்துகொண்டிருந்தது. சுமக்கிற மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, கொழுகொழுவென்றுதான் இருக்கும். சுமக்கிற இரண்டைச் சேர்த்தால்தான் நான்கில் ஒரு கன்றுக்கு வினை. ஈபிவி இதைச் சொல்லாது, அதன் வேலை அதுவல்ல. என் நாற்பதில் எட்டுப் பசுக்கள் அதே குறையைச் சுமந்தவை.

முதல் கன்று ஒரு விடியற்காலையில் பிறந்தது. மேய்ப்பர் தொலைபேசியில் கூப்பிட்டுப் போனபோது, வைக்கோல்மேல் கழுத்தை நீட்டிக் கிடந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது, கண்ணோரம் மஞ்சள். சிவப்பணுக்கள் நிற்காமல் உடைந்துகொண்டிருந்தன. தாய் நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது. இரண்டாம் நாள் மதியம் கன்று செத்துப்போய்விட்டது. அடுத்த வாரம் இன்னொன்று. மேய்ப்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மற்ற கன்றுகள் ஒவ்வொன்றின் வாலிலும் வேரோடு முப்பது நாற்பது மயிர் பிடுங்கி உறையில் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஏறக்குறையப் பாதி சுமப்பவை என்று வந்தது. அவற்றை விற்றுத் தள்ளவேண்டியதில்லை, குறையில்லாத காளையோடு மட்டும் சேர்த்தால் போதும். என் பட்டியலில் குறைபாட்டுக் கட்டத்தை எல்லாவற்றுக்கும் முன்னால், காளையின் பெயருக்கும் முன்னால் கொண்டுவந்தேன். திரையில் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

இந்தத் தொழிலில் விடை மெதுவாகத்தான் வரும். சினை ஒன்பதரை மாதம், மேய்ச்சல், அப்புறம் 400 நாளுக்கு மேல் தானியத் தீவனம். நான் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் காளையின் ஆண்கன்றுகள் கசாப்புக் கூடத்துக்குப் போய் மதிப்பெண் வந்தது. ஆஸ்திரேலிய மார்பிளிங் அளவுகோலில் 9 தான் கடைசிப் படி, அதையும் தாண்டினால் 9+ என்று போடுவார்கள். தாளில் பாதிக்கு மேல் 9-உம் 9+-உம்தான். மேய்ப்பரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "எத்தனை கன்னு இதுல?" என்று கேட்டார். சொன்னேன். "ரெண்டு குறையுது," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.