நாடா இறுகும் இடத்தில்

9 நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி, தலைவலியில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

காலையில் நர்ஸ் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தேன். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடி சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியே இல்லையாம், அதனால்தான் சொல்லவில்லை.

"புல்லறுக்கப் போனீங்களா ஆச்சி?"

"மாட்டுக்கு வேற என்னத்தய்யா போட?"

ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும், கண்ணுக்கு லேசில் தட்டுப்படாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. பென்சிலின் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் கேட்கும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்காது, அதுதான் பயம்.

முதல் மாத்திரை கொடுத்தாச்சு. "கன்னுக்குட்டிக்கு யாரு தண்ணி காட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறார்.