பழசு எதையும் தூக்கிப் போடாத அப்பாவும் மேக் டெலிட்-ஓல்டும்

ஃப்ரீபிஎஸ்டி என்பது லினக்ஸ் போல ஓர் இயங்குதளம். அதைப் புதுப்பிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்று ஒரு கட்டளை. தயாராக இருக்கும் கோப்புகளை இறக்கிப் போட்டுவிட்டு, ரீபூட் பண்ணிக்கோ என்று சொல்லிவிடும். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஸ்டேபிள் கிளையில், அதாவது அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில், குடியிருப்பவள். அந்தக் கட்டளை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. போதாக்குறைக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் எனக்கு வேண்டாததையெல்லாம் வெட்டி எறிந்து வைத்திருக்கிறேன். ஆகவே 13-ஆம் பதிப்பிலிருந்து 14-க்குப் போக மூல நிரலை (சோர்ஸை) இறக்கி, நானே கம்பைல் பண்ணலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அப்பாவும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார் என்பது திட்டத்தில் இல்லை.

சோர்ஸின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் கிளையை மாற்றினேன். (2020 டிசம்பரில்தான் இவர்கள் சப்வெர்ஷன் என்ற பழைய கருவியிலிருந்து கிட்டுக்கு மாறினார்கள்.) அப்டேட்டிங் என்ற கோப்பைப் படித்தேன். அதைப் படிக்காமல் ஆரம்பிக்கிறவர்களுக்கு என் அனுதாபம் கிடையாது. பிறகு மேக் பில்ட்வேர்ல்ட்; கெர்னல் தவிர மற்ற நிரல்களையெல்லாம் கட்டும் கட்டளை. எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையும் வேலை செய்யட்டும் என்று மைனஸ் ஜே போட்டுவிட்டேன். மின்விசிறி அலற ஆரம்பித்தது. திரையில் வரிகள் கொட்டின.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதையெல்லாம் படிச்சுக்கிட்டே வரியாம்மா?"

"யாரும் படிக்க மாட்டாங்கப்பா."

"அப்புறம் யாருக்கு இவ்வளவு எழுதுது?"

நியாயமான கேள்விதான். பேச்சை மாற்ற, இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று விளக்கினேன். நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது கிளாங் என்ற கம்பைலரும் அதன் அடித்தளமான எல்எல்விஎம்மும். இருக்கிற கம்பைலரும் புது சோர்ஸில் உள்ள கம்பைலரும் வேறு வேறு பதிப்பாக இருந்தால், முதலில் பழையதை வைத்துப் புதியதைக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டியதை வைத்து மற்ற எல்லாவற்றையும் கட்ட வேண்டும். அந்த மற்ற எல்லாவற்றிலும் மறுபடி அதே கம்பைலர் இருக்கும்.

அப்பா அசரவில்லை. "எங்க ஆபீஸ்ல ஃபார்ம் வாங்கறதுக்கே ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுக்கணும்" என்றார். இதைவிட நன்றாக யாரும் விளக்கிக் கேட்டதில்லை.

பில்ட்கெர்னல் சீக்கிரம் முடிந்தது. இன்ஸ்டால்கெர்னல் போடும்போது அப்பா கொஞ்சம் பதறினார். "பழசு போயிடுமா?" போகாது, கெர்னல் டாட் ஓல்ட் என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துக்கொள்ளும், புதியது எழுந்திருக்காவிட்டால் பூட் மெனுவிலேயே பழையதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். அந்த நிமிஷத்தில் ஃப்ரீபிஎஸ்டி மீது அப்பாவுக்கு மரியாதை பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஓடாத கைக்கடிகாரத்துக்குக்கூட பெட்டியும் வாரன்டி அட்டையும் உண்டு.

முதலில் கெர்னல், அப்புறம் ரீபூட், அதற்குப் பிறகுதான் மற்ற நிரல்கள். புதிய கெர்னலுக்குப் பழைய நிரல்களின் பேச்சு புரியும். பழைய கெர்னலிடம் போய்ப் புதிய நிரல்கள் அதற்குத் தெரியாத புதிய வேலையை (சிஸ்டம் கால்) கேட்டால் அது விழிக்கும். பராமரிப்புக்கான சிங்கிள் யூசர் நிலைக்குப் போய், டிஸ்கை எழுதும்படி மவுன்ட் பண்ணி, இன்ஸ்டால்வேர்ல்ட் முடித்தேன். அதுவரை ஒரு வம்பும் இல்லை.

வம்பு ஈடிசி-அப்டேட்டில் காத்திருந்தது. நான் மாற்றி வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகளையும் அவர்கள் மாற்றியதையும் ஒட்டிச் சேர்ப்பது அதன் வேலை. ஒட்டாத இடத்தில் பஞ்சாயத்துக்கு நம்மைக் கூப்பிடும். கூப்பிட்டது பயனர் கணக்குகள் இருக்கும் மாஸ்டர் டாட் பாஸ்வேர்டு கோப்புக்காக, அதுவும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் வரிக்கே. காரணம் எளிது. 14-இல் ரூட்டின் ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் நிரலை, சிஎஸ்எச்சிலிருந்து எஸ்எச்சுக்கு மாற்றிவிட்டார்கள். என் கோப்பில் அதே வரியில் என் கடவுச்சொல்லை உருமாற்றிய வடிவமான ஹாஷ் இருக்கிறது. மேலே அம்புக்குறிகள், கீழே அம்புக்குறிகள், நடுவில் இரண்டு தரப்பு. எம்எஃப் (mf) அடித்தால் முழுக்க என் கோப்பு. டிஎஃப் (tf) அடித்தால் முழுக்க அவர்கள் கோப்பு, ரூட்டின் கடவுச்சொல்லுக்கும் கும்பிடு. இரண்டும் வேண்டாமென்று ஈ (e) அடித்து எடிட்டரைத் திறந்தேன்.

"யாரும்மா இந்த சார்லி?"

அப்பா கண்ணில்தான் படும் இதெல்லாம். ரூட்டின் முழுப்பெயர் என்ற இடத்தில் 'சார்லி', பக்கத்தில் ஓர் அண்ட் குறி (&). அந்தக் குறி இருக்கும் இடத்தில் பயனர் பெயர் வந்து உட்காரும். ஆக, சார்லி ரூட். அந்தப் பெயரில் சிகாகோ கப்ஸ் அணியில் ஒரு பேஸ்பால் பந்துவீச்சாளர் இருந்தார் என்றேன்.

"அவருக்கு எதுக்கு நம்ம கம்ப்யூட்டர்ல அக்கவுன்ட்?"

ஹாஷ் என்னுடையது, ஷெல் அவர்களுடையது என்று வரியைச் சரிசெய்து, அம்புக்குறி ஒன்றுகூட மிச்சமில்லை என்று பார்த்து, தீர்ந்தது என்பதற்கு ஆர் (r) அடித்தேன். சார்லி இருந்த இடத்திலேயே இருந்தார். அப்பா அதை உறுதிசெய்துகொண்டார்.

மிச்சம் மேக் டெலிட்-ஓல்டு. புதிய பதிப்பில் இடமில்லாத பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இதை நீக்கட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒய் (y), வேண்டாம் என்றால் என் (n). ஒய் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். கேட்காமல் மொத்தமாக அழிக்க பேட்ச் டெலிட் என்று ஒரு வழி உண்டு. அதற்குள் ஒரு போன் வந்தது. "நான் பார்த்துக்கறேன், நீ பேசு" என்றார் அப்பா.

திரும்பி வந்தபோது, போர்ட்ஸ் தொகுப்பை இறக்கும் பழைய கருவியான போர்ட்ஸ்நாப் திரையில் நின்றது.

"இது என்ன?"

"14-லேர்ந்து எடுத்துட்டாங்கப்பா. அழிச்சிடலாம்."

"நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?" 'என்' அடித்தார்.

அடுத்து ஓபிஐஈ-பாஸ்வேர்டு. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல்லுக்கான பழைய கருவி; அதையும் 14-இல் நீக்கிவிட்டார்கள். "பாஸ்வேர்டுன்னு போட்டிருக்கு, அதைப் போய் அழிக்கச் சொல்றியே" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். என். மேலே தள்ளிப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்தே என், என், என். ஒன்றைக்கூட அவர் படிக்காமல் விடவில்லை.

அப்பா தூங்கின பிறகு பேட்ச் டெலிட்டைப் போட்டுவிட்டேன். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் கடைசியில் ஒரு படி மிச்சம் இருக்கிறது, டெலிட்-ஓல்டு-லிப்ஸ். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பழைய லைப்ரரிகளை அழிப்பது. நான் தனியாகப் போட்டுக்கொண்ட பேக்கேஜ்கள் இன்னும் அவற்றைத்தான் நம்பிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் 14-க்கென்று மறுபடி நிறுவிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று கையேடே எச்சரிக்கிறது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இதை எழுதினவன் விவரமானவன்."

"பேக்கேஜ் எல்லாம் ஏத்தினதும் அழிச்சிடுவேன்ப்பா."

"ஏத்து, ஏத்து. அவசரம் ஒண்ணுமில்லை."