கடைசி வில்லை வரை: தெற்கு டெக்சாஸில் நாச்சோஸ் தேடி

பொரித்த மக்காச்சோளச் சிப்ஸ் மேல் சீஸை உருக்கித் தருவதுதான் நாச்சோஸ். தெற்கு டெக்சாஸில் அதைக் கேட்டால் இரண்டு விதமாகத் தட்டு வரும். ஒன்றில் சிப்ஸைக் குவித்து, அதன் தலையில் சீஸ், பயறு, தக்காளி, லெட்யூஸ், சவர் க்ரீம் என்று எல்லாவற்றையும் கொட்டியிருப்பார்கள். இன்னொன்றில் பத்துப் பன்னிரண்டு வில்லைகளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் மசித்த பயறு, கொஞ்சம் சீஸ், ஊறிய மிளகாய் ஒரு துண்டு வைத்துச் சூடுகாட்டித் தருவார்கள். சான் அன்டோனியோவில் தங்கை வீட்டில் இருந்த நாட்களில் நான் தேடித் தேடிச் சாப்பிட்டது இந்த இரண்டாவது வகையைத்தான். குவியல் தட்டு கண்ணுக்கு அழகு. ஆனால் மேலாக இருக்கும் நாலு வில்லைகள் தீர்ந்ததும் அடியில் மிஞ்சுவது வெறும் சிப்ஸ், அதுவும் நமத்துப்போய்க் கிடக்கும். பரப்பிய தட்டில் சமையல்காரர் ஒவ்வொரு வில்லையையும் கையால் தொட்டிருக்கிறார். முதல் வில்லைக்குக் கிடைத்த கவனிப்பு கடைசி வில்லைக்கும் கிடைத்திருக்கிறது. நாச்சோஸை நான் எடைபோடுவது அந்தக் கடைசி வில்லையை வைத்துத்தான்.

கடை எப்படி என்பது ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். டெக்சாஸ் சமையலும் மெக்சிகோ சமையலும் கலந்த இந்த ஊர் டெக்ஸ்-மெக்ஸ் கடைகளில் உட்கார்ந்ததுமே ஒரு கூடை சிப்ஸும் சல்சா என்ற தக்காளி-மிளகாய்ச் சட்னியும் பெரும்பாலும் இலவசமாக மேஜைக்கு வரும். அந்தச் சிப்ஸ் கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறதா, அங்கங்கே கொப்புளம் கிளம்பியிருக்கிறதா, மக்காச்சோள வாசனை வருகிறதா என்று பார்ப்பேன். அந்த வாசனைக்குக் காரணம் சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, பிறகு அரைத்த மாவில்தான் டோர்ட்டியா என்ற ரொட்டியைத் தட்டுகிறார்கள். அதை அப்படியே பொரிக்காமல் கொஞ்சம் ஆறி உலரவிட்டு, நாலாக வெட்டிப் பொரித்தால் எண்ணெய் அதிகம் குடிக்காது. சீஸைத் தாங்கும் திடமும் வரும். பாக்கெட்டில் வரும் மெல்லிய சிப்ஸால் அந்தப் பாரத்தைச் சுமக்க முடியாது. பயறு பட்டதுமே மடிந்துவிடும்.

அடுத்தது சீஸ். மஞ்சள் செடாரோ வெளிறிய மான்டெரே ஜாக்கோ, எதுவானாலும் கட்டியாக வாங்கிக் கடையிலேயே துருவியிருக்க வேண்டும். துருவியே விற்கும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் உருளைக்கிழங்கு மாவு மாதிரி ஏதாவது தூவியிருப்பார்கள். உருகும்போது அது காட்டிக்கொடுத்துவிடும், வாயில் லேசாக மணல் மாதிரி தட்டும். நல்ல தட்டில் சீஸ் வில்லையின் ஓரம் வரை இளகிப் பரவியிருக்கும், எண்ணெய் பிரிந்திருக்காது. மேலிருந்து அனல் அடிக்கும் அடுப்பின் கீழ் வைத்துக் கண்ணை எடுக்காமல் நின்றால்தான் அந்தப் பதம் வாய்க்கும். சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஒரு கடையில் சீஸ் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் உருகாமலே வந்தது. அந்த அடுப்பின் முன்னால் யாரும் நிற்கவில்லை என்பது தட்டைப் பார்த்ததுமே தெரிந்தது.

பயறு விஷயத்தில் நம்மவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. பின்டோ என்ற புள்ளிப் பயறை வேகவைத்து மசித்துக் கொழுப்பில் வதக்குவார்கள். பழைய முறையில் அது பன்றிக் கொழுப்பு, ஸ்பானிஷில் மன்தேகா. தங்கை சைவம். சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் ஒரு குடும்பம் நடத்தும் கடையில், "பயறில் மன்தேகா இருக்கிறதா?" என்று கேட்டாள். பரிமாறிய அம்மாள் மழுப்பவில்லை. "இருக்கும்மா, எங்க வீட்டுப் பழக்கம் அது. உனக்குச் சீஸும் மிளகாயும் மட்டும் வைத்துத் தனியாகப் போட்டுத் தருகிறேன்" என்றார். அப்படி வந்த தட்டு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பயறு இல்லாததால் மக்காச்சோளத்தின் ருசி மறையாமல் நாக்குக்கு வந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் வெறும் சீஸ் நாச்சோஸ்தான் கேட்கிறேன். மறைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை.

அப்புறம் மிளகாய். ஹலபெனோவைக் காரட், வெங்காயம் சேர்த்து வினிகரில் போட்டிருக்க வேண்டும். சீஸின் கொழுப்பும் பொரித்த எண்ணெயும் சேர்ந்து நாக்கில் படிவதை அந்தப் புளிப்புதான் வெட்டும். பச்சையாக அரிந்து வைத்தால் காரம் மட்டும்தான் கிடைக்கும்.

"நாச்சோஸ் பிறந்த ஊர் ரெண்டரை மணி நேரத்துலதான் இருக்கு, போய்ட்டு வந்துடலாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். 90-ஆம் நெடுஞ்சாலையில் காஸ்ட்ரோவில், ஹோண்டோ, யுவால்டி என்று மேற்கே போய், அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஈகிள் பாஸ். யுவால்டியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மெஸ்கீட் மரங்கள். நம்மூர் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. இலையும் முள்ளும் பார்த்தால் ராமநாதபுரம் பக்கம் போகிற மாதிரியே இருக்கிறது. இங்கே அந்த விறகில்தான் இறைச்சி சுடுகிறார்கள்.

ஈகிள் பாஸுக்கு எதிர்க்கரையில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் பியெத்ராஸ் நேக்ராஸ். அமெரிக்கக் கார் காப்பீடு அங்கே செல்லாது என்பதால் வண்டியை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டுப் பாலத்தில் நடந்து போனோம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோவுக்கென்று தனி விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் மறக்கக் கூடாது.

1940-களின் தொடக்கத்தில், போர்க் காலத்தில், இந்த ஊரின் விக்டரி கிளப் உணவகத்தில் இக்னாசியோ அனாயா வேலை பார்த்தார். நாச்சோ என்பது அவருடைய செல்லப்பெயர். ஆற்றைத் தாண்டி வந்த அமெரிக்கப் படைவீரர்களின் மனைவிமார் சாப்பிட ஏதாவது கேட்டிருக்கிறார்கள். அந்த நேரம் சமையல்காரரைக் காணோம். அனாயா தானே உள்ளே போய், பொரித்த டோர்ட்டியா துண்டுகள் மேல் சீஸைத் துருவிப் போட்டுச் சூடாக்கி, ஊறிய ஹலபெனோவை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றே பொருள். பிற்பாடு சொந்தமாக 'எல் நாச்சோ' என்ற உணவகத்தையும் நடத்தினார். 1975-இல் அவர் காலமானார். ஊர் அவரை மறக்கவில்லை, அக்டோபரில் நாச்சோஸ் திருவிழா நடத்துகிறார்கள்.

சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்தோம். வந்த தட்டில் வில்லைகள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக இருந்தன. தடிமனான வில்லை, கடித்தால் சத்தம் வருகிறது. மெல்லிய ஒரு படலமாகத்தான் சீஸ். மேலே மிளகாய் ஒரே ஒரு வட்டம். பேசிக்கொண்டே மெதுவாகத்தான் சாப்பிட்டோம். ஆறிய பிறகும் கடைசி வில்லை மொறுமொறுப்பை விடவில்லை. அதைச் சாப்பிட்ட பிறகு அனாயாவின் மேல் பெரிய மரியாதை வந்தது. அவசரத்தில் செய்தது என்று கதை சொன்னாலும், எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்த ஒருவர் செய்தது அது.

விளையாட்டு மைதானங்களில் காகிதத் தட்டில் சிப்ஸ் வைத்து மேலே சீஸ் குழம்பை ஊற்றித் தருவது வேறு கணக்கு. சான் அன்டோனியோக்காரர் ஃபிராங்க் லிபர்ட்டோ 1976-இல் ஆர்லிங்டன் ஸ்டேடியத்தில் அதைத் தொடங்கிவைத்தார். ஆட்டத்தின் இடைவெளியில் வரிசையில் நிற்பவருக்கு நொடியில் கொடுக்க வேண்டும், அதற்காகவே செய்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அதையே உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில், அடுப்பு இருந்தும் ஊற்றித் தந்தால் நான் ஏற்கமாட்டேன்.

நான் சாப்பிட்டதில் முதலிடம் எதற்கு என்று தங்கை கேட்டாள். பியெத்ராஸ் நேக்ராஸில் சாப்பிட்டது இரண்டாவதுதான். முதலிடம் அந்த மேற்குப் பகுதிக் கடைக்கு. அங்கே டோர்ட்டியாவைக் கடையிலேயே தட்டுகிறார்கள், சீஸ் ஓரம் வரை வந்திருந்தது, ஹலபெனோவும் அவர்களே ஊறவைத்தது. ஞாயிறு காலைகளில் தேவாலயம் முடிந்து குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள், இடம் கிடைப்பது கஷ்டம். வார நாளில் பதினொன்றரைக்கு முன்னால் போங்கள். பாதித் தட்டு கேட்டாலும் தருவார்கள். அதைத் தீர்த்துவிட்டு இன்னொரு பாதி சொன்னால் அதுவும் சூடாகவே வரும்.