கேட்டைப் பூட்டிய பிறகு

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்ததும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து முதியோர் குடியிருப்புகள் எல்லாம் முதலில் செய்தது கேட்டைப் பூட்டியது. அதற்கு ஒரு பூட்டும் ஒரு வாட்ச்மேனும் போதும். பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் ஒரு நாளை எப்படி நடத்துவது என்பதில்தான் பல இடங்கள் திணறின. கொரோனாவுக்குப் பயந்து அறைக்குள்ளேயே உட்கார வைத்து, மூன்று மாதத்தில் எழுந்து நிற்க முடியாமல் ஆக்கிவிட்டால், அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. இன்னொரு தொற்று வந்தாலும், புயலில் நாலு நாள் அடைபட்டாலும் இதே வேலைகள்தான் வரும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள். சமையல், துப்புரவு, இரவு அட்டெண்டர் எல்லோரும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிருமாம்பாக்கமும் பாகூரும் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்து போகும் சமையற்கார அம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு அரசுகளின் விதிகள். எல்லையில் உள்ள முள்ளோடையில் தடுப்பு போட்டால் அன்றைக்குக் காலை இட்லி இல்லை. எல்லை தாண்ட அரசு தரும் பாஸை நம்புவதைவிட ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி 14 நாள் உள்ளேயே தங்குவது என்று வைத்துக்கொண்ட இடங்கள் தப்பித்தன. மூடிக் கிடக்கும் சாப்பாட்டுக் கூடத்திலேயே கட்டில் போட்டுவிடலாம். கூடுதல் சம்பளம், போன் ரீசார்ஜ், வீட்டுக்கு அரிசி மளிகை, மூன்றும் கொடுக்காமல் யாரையும் தங்கச் சொல்வது நியாயமில்லை. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியபோதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை பலருக்குப் புரிந்தது.

தொற்று நுழையும் இடம் பெரும்பாலும் முதியவரின் அறை இல்லை, ஊழியர்களின் டீ நேரம். நாள் முழுக்க மாஸ்க் போட்டவர்கள் 11 மணிக்கு ஒரு சின்ன அறையில் வட்டமாக உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றி டீ குடிப்பார்கள். டீயை வெளி வராந்தாவுக்கு மாற்றி, இருவர் இருவராக அனுப்பினால் பாதிக் கவலை தீரும். இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் இரவு நர்ஸ் இருந்தால், இன்னொரு இடத்துச் சம்பளத்தையும் நாமே கொடுத்து ஓரிடத்தில் நிறுத்துவது மலிவு. கேட்டில் மருந்து தெளிக்கும் சுரங்கம் வைத்த கூத்தும் நடந்தது. மனிதர்கள் மேல் தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம்.

துடைப்பதற்குக் கடையில் கிடைக்கும் 33 சதவீத பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம், அதாவது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் நாற்றம் இருக்கும், வீரியம் இருக்காது. வராந்தா கைப்பிடி ஸ்டீல் என்றால் பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். டாய்லெட் ஆசிடோடு மட்டும் இதைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சாப்பாடு அறைக்கே போக வேண்டும் என்றதும் டிபன் கேரியர்கள் திரும்பி வந்தன. ஒரே மாதிரி கேரியர்கள் மாறிப்போவதுதான் இதில் பெரிய தகராறு. பெயர் ஒட்டினால் கழுவும்போது போய்விடும். கைப்பிடியில் நூல் கட்டுவது நிற்கிறது: சிவப்பு என்றால் சர்க்கரை, நீலம் என்றால் உப்புக் குறைவு, மஞ்சள் என்றால் குழைத்த சாதம், இரண்டும் இருந்தால் இரண்டு நூல். மெஸ்ஸில் 12:30க்குச் சூடாகச் சாப்பிட்டவர்களுக்கு அறைக்கு வரும்போது 1:15 ஆகிவிடும். மதியத்துக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் கேரியர் கைக்கு வந்த பிறகுதான் ஊசி போட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். தனியாகச் சாப்பிடும்போது பசி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். திரும்பி வரும் கேரியரில் எவ்வளவு மிச்சம் என்று சமையலறையில் ஒரு நோட்டில் குறித்தாலே போதும், யார் வாடுகிறார்கள் என்று மூன்று நாளில் தெரிந்துவிடும். மீன்பிடித் தடைக்காலம் அந்த வருஷம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் மே 31 வரை என்று குறைக்கப்பட்டும், மீன் சுலபமாகக் கிடைக்கவில்லை. முட்டையும் சுண்டலும் தினம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து விஷயத்தில் பிராண்டுப் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள்தான் அல்லாடினார்கள். அட்டையில் மூலப்பெயரும் அளவும் இருக்க வேண்டும்: அம்லோடிபின் 5, மெட்பார்மின் 500 என்று. கடையில் அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் வேறு கம்பெனி வாங்கலாம். தைராய்டு மாத்திரையில் மட்டும் அதே பிராண்டில் நிற்பது நல்லது, மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை வேண்டும். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டவர்கள் 2020 மார்ச் கடைசியில் தவித்தார்கள். கொரோனாவுக்கு மருந்து என்று ஊரே வாங்கி அடுக்க, அரசு மருந்துச் சீட்டுக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டி வந்தது. டெலிமெடிசின் விதிகள் 2020 மார்ச் 25 அன்றே வந்துவிட்டதால் போனில் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்க முடிந்தது. ஆனால் அல்பிரசோலம் மாதிரி போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தூக்க மாத்திரைகளை அந்த வழியில் எழுதித் தர முடியாது. அவற்றைப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் குழப்பமும் வரும், வலிப்புகூட வரலாம். கையிருப்பு பதினைந்து நாளுக்குக் கீழே இறங்கும் முன்பே நேரில் சீட்டு வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

இன்சுலின் திறந்த பின் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். கத்திரி வெயிலில் நம் அறைகள் 30க்குள் நிற்பதில்லை. குப்பியைப் பானைக்குள் போட்டு ஈரமண்ணில் வைக்கும் யோசனை உள்மாவட்டங்களில் நன்றாக வேலை செய்யும். கடலோர ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. ஜெனரேட்டர் லைனில் ஒரு பொது ஃப்ரிட்ஜ், அதில் நடுத்தட்டு, பெயர் எழுதிய டப்பா, இதுதான் சரி. ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோன குப்பியைக் கரைத்து உபயோகிக்கக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எல்லோரும் வாங்கினார்கள், பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலிலோ ஆட்காட்டி விரலிலோ மாட்டி, எண் ஒரு நிமிடம் ஆடாமல் நின்ற பிறகு குறிக்க வேண்டும். மாட்டியவுடன் வரும் 88ஐப் பார்த்து 108க்குப் போன் போட்டவர்கள் உண்டு. கருஞ்சிவப்பாகப் பிடித்த மருதாணியும் நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். வீட்டில் விசேஷம் என்று பாட்டிகள் விரல் நுனி முழுக்க மருதாணித் தொப்பி வைத்திருந்தால் காது மடலிலோ கால் விரலிலோ பார்க்கலாம், அதற்குரிய கிளிப் இருந்தால் இன்னும் நல்லது. 94க்குக் கீழே நின்றால் தாமதிக்காமல் டாக்டர். உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, ஆறு நிமிடம் நடந்ததும் 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலும் அப்படியே. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு வழக்கமான அளவே 91, 92 என்று இருக்கலாம், நல்ல நாளில் எடுத்துக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ச்சலை மட்டும் நம்பக் கூடாது. எண்பது வயதில் 99ஏ காய்ச்சலாக இருக்கலாம். திடீரென்று குழம்பிப் பேசுவது, காரணமில்லாமல் விழுவது, காலைக் காபியை வேண்டாம் என்பது, இவையெல்லாம் தெர்மாமீட்டருக்கு முன்னால் வரும் சேதிகள்.

இனி கால்கள். என்னைக் கேட்டால் ஊரடங்கில் அதிக நாசம் இங்கேதான். தினம் இரண்டு வேளை கோயிலுக்கும் மெஸ்ஸுக்கும் நடந்ததுதான் பலருக்கு இருந்த ஒரே உடற்பயிற்சி. அது நின்றதும் தொடைத் தசை சில வாரங்களிலேயே வற்றும். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரில் முட்டுக் கொடுத்து வைத்து, பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், காலை, மதியம், மாலை. கையூன்றாமல் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் ஊன்றியே செய்யட்டும். பிரஷர் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம், தலைசுற்றும். வராந்தா நடைக்கு ஆளுக்குக் கால் மணி நேரம் என்று நேரம் பிரித்துவிடலாம். தேய்ந்த ஹவாய் செருப்பும் தரையில் இழுபடும் கைலியும்தான் விழுவதற்குக் காரணம். நேர அட்டவணை போடுவதற்கு முன்னால் எல்லோருடைய செருப்பையும் திருப்பிப் பாருங்கள்.

தனியாக இருப்பவர்களுக்குக் காலைச் சோதனை கட்டாயம். கதவில் மாட்டிய பால் பை 7 மணிக்குள் உள்ளே போகவில்லை என்றால் தட்டிப் பார்ப்பது, இதைவிட எளிய முறை கிடையாது. மாலையில் இன்டர்காமில் ஒருவர் எண் சொல்ல, அவரவர் அறை வாசலில் உட்கார்ந்து தம்போலா ஆடலாம். சீட்டுக் கட்டு கைமாறும், அது வேண்டாம். செய்திச் சேனலை நாளுக்கு இரண்டு வேளைக்கு மேல் ஓட விடாதீர்கள்.

மாஸ்க்கால் வந்த தொல்லையைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. காது மந்தமானவர்கள் பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். உதடு மறைந்ததும் ‘ம்ம், சரி’ என்று தலையாட்டுவார்கள், மாத்திரை மாறிப்போகும். எழுதிக் காட்ட ஒரு சின்னப் பலகை வேண்டும். காதில் மாட்டும் மாஸ்க்கைக் கழற்றும்போது ஹியரிங் எய்டும் கூடவே வந்து குப்பைக்கூடையில் விழும், பதினைந்தாயிரம் இருபதாயிரம் ரூபாய்ச் சாமான். அவர்களுக்குத் தலைக்குப் பின்னால் நாடா கட்டும் துணி மாஸ்க்தான் சரி. மறதி நோய் உள்ளவர்களுக்கு மாஸ்க் போட்ட ஆயா அந்நியர். ஆயாவின் சிரித்த முகத்தைப் போட்டோ பிரிண்ட் எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டால் குளிப்பாட்டும்போது வரும் சண்டை குறையும்.

காகிதங்கள். 2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றுவிட்டன. பிள்ளைகள் எல்லாம் கலிபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும். ஐசியூவில் யார் கையெழுத்துப் போடுவது என்று நடுராத்திரியில் தேடக் கூடாது. ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, மருந்துப் பட்டியல், அலர்ஜி, இங்கேயே இருக்கும் ஓர் உறவினரின் எண், வெண்டிலேட்டர் பற்றி அவரே சொன்ன விருப்பம், எல்லாம் ஒரு கவரில் போட்டு மேனேஜரிடம். ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றிதழை 2020 நவம்பரிலிருந்து போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்தார். கைரேகை விழவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சானிடைசர், விரல் காய்ந்துவிடும். சோப்பால் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைத்தால் விழும். சானிடைசர் போடுவது கைரேகைக் கருவியைத் தொட்ட பிறகுதான்.

அதே நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இப்படிப்பட்ட இரவில் கரண்ட் போனால் என்ன என்று கணக்குப் போட்டு வையுங்கள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் அதை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1500 லிட்டர் பி டைப் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் பன்னிரண்டு மணி நேரம் வரும். ஆகவே கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவருக்கு நிரப்பிய சிலிண்டர் ஒன்றாவது துணைக்கு இருக்க வேண்டும், அதன் சாவியும் ரெகுலேட்டரும் சிலிண்டரிலேயே கட்டியிருக்க வேண்டும்.

2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி வந்து, மெல்லத் திறக்கத் தொடங்கியபோது பலர் முதலில் மெஸ்ஸைத் திறந்தார்கள். வரிசை தப்பு. மாஸ்க் கழற்றும் இடம் அதுதான், அது கடைசியில். முதலில் தோட்டமும் வராந்தாவும். அடுத்து பிசியோதெரபிஸ்ட், முடிதிருத்துபவர், கால் நகம் வெட்டும் ஆள். சர்க்கரை நோயாளிக்கு மாதக்கணக்கில் வளர்ந்து வளைந்த நகம் பக்கத்து விரலைக் குத்திப் புண்ணாக்கியிருக்கும், அவருக்கே வலி தெரியாது. அதன் பிறகு மெஸ், நாலு பேர் மேசைக்கு இரண்டு பேராக, ஜன்னல்கள் திறந்து, தினம் அதே மேசையில் அதே ஆட்கள். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மேசையை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.