பதினொரு கதைகளும் ஒரு நோட்டும்

எட்டு மாதமாகக் கூடவே இருந்த சிறுகதைத் தொகுப்பை நேற்று இரவு முடித்துவிட்டேன். 14 கதைகள் இருந்தன, மூன்றை எடுத்துவிட்டேன். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்த கதை. எத்தனை முறை வரிசையை மாற்றிப் பார்த்தும் மற்றவற்றோடு அது ஒட்டவே இல்லை. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் எடுத்தது சரி.

பதிப்பகம் இல்லாமல் நானே கொண்டுவருவதால் மெய்ப்பும் என் வேலை. ஒவ்வொரு கதையையும் சத்தமாக வாசித்து, கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். கண் தாண்டிப் போன பிழையைக் காது பிடித்துவிடுகிறது. உரையாடல்களில் பாதியை அப்படித்தான் திருத்தினேன். அப்புறம் அவற்றையே ஒலிக்கதைகளாக வெளியிடலாம் என்று தோன்றியது. இரண்டு தயார்.

இந்த நாட்களில் என்னைத் தாங்கியது ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் எழுதிய ‘துயரம்’ சிறுகதை. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் சவாரிக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லப் பார்க்கிறான். யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறான். சில பக்கங்கள்தான். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் பேசத் தோன்றாது.

படம் என்றால் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987). தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். அவ்வளவுதான் கதை. குன்றின் மேல் வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் அவன் ஓடுவதைப் பாருங்கள். குழந்தைகளோடு சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

அட்டைப்படம் தயாரானதும் இங்கேயே போடுகிறேன்.