வீடு காட்டும்போது ஏஜென்ட் பார்க்க வேண்டியதும் சொல்லக்கூடாததும்

வீடு பார்க்க வந்தவர் சுவரில் இருக்கும் கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் பெரிய பிரச்சனை இல்லையே சார்?” என்று கேட்பார். அந்த இடத்தில் ஏஜென்ட் வாயிலிருந்து வரவே கூடாத பதில் ஒன்று உண்டு: “அதெல்லாம் ஒண்ணுமில்லை, ஒரு கோட் பெயின்ட் அடிச்சாப் போயிடும்.” சுவருக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் முன்னால் வந்து நிற்கும்.

ஏஜென்ட் வீட்டு ஆய்வாளர் (வாங்குவதற்கு முன் வீட்டின் குறைகளைப் பார்த்து அறிக்கை தருபவர்) ஆகவேண்டியதில்லை. கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்ல வேண்டும், தேதியோடும் படத்தோடும் எழுதி வைக்க வேண்டும், அதைச் சோதிக்கத் தகுதியுள்ளவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். “ஹாலின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கறை இருக்கிறது” என்பது பார்த்தது. “குழாய் கசிகிறது” என்பது ஊகம். “பழைய கறை, காய்ந்துவிட்டது” என்பதும் ஊகம்தான், அதுவும் விற்பவருக்குச் சாதகமான ஊகம். இந்த வித்தியாசம் பழகிவிட்டால் பாதி சிக்கல் வராது.

ஈரத்திலிருந்து தொடங்கலாம். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கண்ணில் படுவதும், அதிகம் மறைக்கப்படுவதும் அதுதான்.

சுவர் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் உருவமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மேல் விளிம்பு அலையலையாகக் கோடு போட்டதுபோல் இருக்கும், அந்தக் கோட்டை ஒட்டி உப்புப் பூத்திருக்கும். கூரையிலிருந்து ஒழுகினால் சீலிங்கில் பழுப்பு வளையம் விழும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தால், நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருக்கிறது என்று அர்த்தம். குளியலறைக்கு முதுகாக இருக்கும் படுக்கையறைச் சுவரில் கறை என்றால் டைல்ஸ் இடுக்கோ குழாயோ சந்தேகத்துக்குரியது. அலமாரிக்குப் பின்னால், அறையின் மூலைகளில் மட்டும் கரும்புள்ளிகள் என்றால் காற்றோட்டமில்லாமல் குளிர்ந்த சுவரில் படியும் நீராவியாக இருக்கலாம். இவற்றையெல்லாம் தெரிந்துகொள்வது தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல, ஆய்வாளரிடம் எந்த இடத்தைக் காட்டுவது என்று தெரிவதற்கு.

சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ இருக்கிறது. உப்பா, பூஞ்சணமா? கையுறை போட்ட விரலால் கொஞ்சம் எடுத்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பு கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. உப்பால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சுவர் வழியே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அதனால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

பூஞ்சணத்துக்கு முக்கியமாக வேண்டியது ஈரம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் வளராது. அதைத் தாண்டினால் மரம், ஜிப்சம் பலகை, துணி, கார்பெட் எல்லாவற்றிலும் பிடிக்கும். பிளீச்சிங் கரைசலால் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஜிப்சம் பலகை போன்ற துளையுள்ள பொருளில் நிறம் போகும், உள்ளே ஓடிய வேர் போகாது. தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை சில வாரங்களில் பெயின்ட் கொப்பளித்து அதே இடத்தில் மறுபடி வரும். எந்த வகைப் பூஞ்சணம் என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பணம் செலவழிப்பதைவிட, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடச் செலவழிப்பது மேல். பரவிய இடம் சுமார் ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் வீட்டுக்காரர் தானே சுரண்டக்கூடாது. வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த முதல் சில நிமிடங்கள்தான் வாசனை தெரியும், பிறகு மூக்கு பழகிவிடும். வாங்குபவர் வருவதற்கு அரை மணி முன்பே போய், ஜன்னலைத் திறக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வீடே பழைய பெயின்ட்டில் இருக்க ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாகப் பளபளத்தால், ஏன் என்று விற்பவரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். காலியாகக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை அடித்தால் உடனே செப்டிக் டேங்கைச் சந்தேகிக்க வேண்டாம். வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கலாம். எல்லாக் குழாய்களையும் ஒரு நிமிடம் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தும் வாடை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈயம். பழைய எண்ணெய் பெயின்ட்டுகளில் ஈயம் தாராளமாகக் கலந்தார்கள். வீட்டுப் பெயின்ட்டில் அதை அமெரிக்கா 1978-ல் தடை செய்தது. இந்தியாவில் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வீடு கட்டிய ஆண்டுதான் முதல் கேள்வி. பெயின்ட் உரிந்து தொங்கும் இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உண்மையான ஆபத்து உரசும் இடத்தில் இருக்கிறது. ஜன்னலை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கதவு சட்டத்தில் தேய்ந்து, மாவுபோல நுண்ணிய தூசி ஜன்னல் பள்ளத்தில் விழுகிறது. தவழும் குழந்தை அந்த விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும், அதே கையை வாயில் வைக்கும். குழந்தையின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூளை வளர்ச்சியில் விழும் அடி பின்னால் சரியாகாது.

அதனால் பழைய வீட்டில் “உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக அடித்துவிடலாம்” என்று யாரும் யோசனை சொல்லக்கூடாது. உலரத் தேய்ப்பதுதான் நல்ல நிலையில் இருந்த ஈயத்தை வீடு முழுக்கத் தூசியாக்குகிறது. கடையில் கிடைக்கும் நிறம் மாறும் குச்சிச் சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம், மேல் அடுக்கு புதிதாக இருந்தால் அது தவறவிடும். எக்ஸ்-கதிர் கருவியால் சுவரைச் சுரண்டாமலே எல்லா அடுக்குகளையும் ஊடுருவிப் பார்க்க முடியும். அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய வீட்டை விற்பவர் தனக்குத் தெரிந்த ஈய விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தரவேண்டும், சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு 10 நாள் அவகாசமும் தரவேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத ஊரிலும் இதை வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆஸ்பெஸ்டாஸ் நேர்மாறான குணம் கொண்டது: சும்மா விட்டால் பெரும்பாலும் சும்மா இருக்கும். சிமென்ட் கூரைத் தகடு, பழைய தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கிக் குழாய், பழைய தரை ஓட்டின் அடியில் இருக்கும் கருப்புப் பசை, சுடுநீர்க் குழாயைச் சுற்றிய வெள்ளை உறை என்று பல இடங்களில் ஒளிந்திருக்கும். இதில் குழாய் உறைதான் மோசம், விரலால் அழுத்தினாலே பொடியும். துளை போடுவது, அறுப்பது, பாசி போக வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது போன்றவைதான் இழைகளைக் காற்றில் விடுகின்றன. அவற்றைச் சுவாசிப்பதால் வரும் நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகும் என்பதால் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை. கண்ணால் பார்த்து “இது ஆஸ்பெஸ்டாஸ்” என்றோ “இல்லை” என்றோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வக நுண்ணோக்கிதான் சொல்லும். மாதிரிக்காக ஏஜென்ட் ஒரு துண்டை உடைத்து எடுக்கவே கூடாது.

ரேடானைப் பார்க்கவும் முடியாது, முகரவும் முடியாது. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதையும்போது பிறக்கும் கதிரியக்க வாயு இது. தரை விரிசல், குழாய் நுழையும் இடைவெளி வழியாக மேலே வந்து அடித்தளத்தில் தேங்கும். நுரையீரல் புற்றுநோய்க்குப் பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அமெரிக்காவில் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 148. பக்கத்து வீட்டில் குறைவாக இருந்தது என்பது இந்த வீட்டுக்கு எந்தச் சான்றும் ஆகாது. குறுகிய காலச் சோதனைக்குக் குறைந்தது 48 மணி நேரம் வேண்டும். அதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல் கதவுகள் மூடியிருக்க வேண்டும். கருவி, ஆள் புழங்கும் தளங்களில் ஆகக் கீழானதில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீடு காட்டுகிறேன் என்று நடுவில் யாராவது ஜன்னலைத் திறந்துவைத்தால் சோதனை வீண். அதிகமாக வந்தாலும் வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. தரைக்கு அடியிலிருந்து குழாய் போட்டு, விசிறி வைத்து, கூரைக்கு மேல் வெளியேற்றினால் பெருமளவு குறைந்துவிடும்.

எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு மட்டும் அன்றைக்கே ஆளைக் கொல்லும். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர், வெளியே போகும் புகைக்குழாய் கழன்று தொங்குகிறது, சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது, மேலே கரி படிந்திருக்கிறது – இதில் எதைப் பார்த்தாலும் “ஆய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடாமல் உடனே அணைக்கச் சொல்லுங்கள். அலாரம் இருந்தால் அதன் முதுகில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கிணறோ போர்வெல்லோ இருந்தால் குடிநீர்ப் பரிசோதனை தனி. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம் ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள். 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக்கூடாது. நிலத்தின் பழைய கதையும் முக்கியம். முன்பு பெட்ரோல் பங்க், பேட்டரி பட்டறை, தோல் தொழிற்சாலை, குப்பைமேடு இருந்த இடமா என்று கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் தள்ளிப் பார்க்கலாம்.

கட்டுமானத்தில் ஏஜென்ட் கவனிக்க வேண்டியவை குறைவு. பூச்சில் மயிரிழை விரிசல் சாதாரணம். செங்கல் சுவரில் படிக்கட்டுபோல ஏறும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், கூடவே கதவு சட்டத்தில் இடிப்பது இவை சேர்ந்து வந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதன் மேல் அப்படியே சிமென்ட் பூசியிருந்தாலும், படம் எடுங்கள். துரு உப்பிக்கொண்டே இருப்பதால் அந்தப் பூச்சு மறுபடி விழும். கரையான் மண் குழாய் தெரிந்தால் தட்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள், ஆய்வாளருக்கு அதுதான் தடயம்.

ஆய்வு நாளைக் கெடுப்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். மின்சாரம், தண்ணீர், கேஸ் மூன்றும் இணைப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அறிக்கையில் “சோதிக்கவில்லை” என்றுதான் வரும், மறுபடி கட்டணம் கட்டி அழைக்க வேண்டும். மெயின் போர்டு முன்னால் அடுக்கிய பெட்டிகள், சாவி கிடைக்காத அறை, திறக்க முடியாத தண்ணீர்த் தொட்டி மூடி ஆகியவற்றை முந்தைய நாளே சரிபாருங்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். வாங்குபவரைக் கட்டாயம் வரச்சொல்லுங்கள். ஆய்வாளர் பின்னால் நின்று “இது எல்லா வீட்டிலயும் இருக்கும்” என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

இந்த ஆய்வு கண்ணால் பார்ப்பது மட்டுமே. சுவரை உடைக்க மாட்டார், டைல்ஸைப் பெயர்க்க மாட்டார். ஈயம், ஆஸ்பெஸ்டாஸ், ரேடான், குடிநீர், கரையான், செப்டிக் டேங்க் எல்லாம் பெரும்பாலும் தனிக் கட்டணம், தனி ஆள். ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு எத்தனை நாள் என்று பார்த்து, அதிக நாள் பிடிக்கும் சோதனையை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். ஆய்வாளர் பெயர் கேட்டால் மூன்று பேரைச் சொல்லி வாங்குபவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அவர்களிடம் கமிஷன் வாங்கவே கூடாது.

அறிக்கையில் நாற்பது குறைகள் வரலாம். அதைச் சுருக்கிச் சொல்லும் பொறுப்பை ஏற்காதீர்கள், முழுசாகக் கொடுத்து ஆய்வாளரிடமே பேசச் சொல்லுங்கள். விற்பவர் பழுது பார்த்துத் தர ஒப்புக்கொண்டால், யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எந்தப் பொருளில் என்று எழுத்தில் இருக்கட்டும். குழாயோ கம்பியோ சம்பந்தப்பட்ட வேலையென்றால், சுவரைப் பூசி மூடுவதற்கு முன் படமும், வேலை முடிந்ததும் பில்லும், அதே ஆய்வாளரின் மறு ஆய்வும் வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.